விட்மனின் கனவுக் கவிதைகள்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் 'உறங்குபவர்கள்' கவிதை பிடிபடவே இல்லை. எதைப் பற்றியது?

பதில்: கதை தேடாமல் படியுங்கள். கவிஞர் இரவெல்லாம் சுற்றி, உறங்குகிறவர்களின் மூடிய கண்கள் மேல் குனிந்து பார்க்கிறார். குடிகாரர், பித்துப் பிடித்தவர், பச்சைக் குழந்தை, சாகக் கிடப்பவர் எல்லோரும் உண்டு. அப்புறம் அவர்களுடைய கனவுகளையே தானும் காண ஆரம்பிக்கிறார். நடிகையாக, வாக்காளராக, காதலனுக்காகக் காத்திருக்கும் பெண்ணாக மாறிக்கொண்டே போகிறார். பேசுவது யார் என்று குழம்பினால் சரியாகத்தான் படிக்கிறீர்கள்.

கேள்வி: அதில் அடிமைகள் வருகிறார்களா?

பதில்: என்னை உலுக்கும் இடமே அதுதான். 1855-ல் வந்த அவருடைய கவிதைத் தொகுப்பு 'புல்லின் இதழ்கள்' முதல் பதிப்பில், ஓர் அடிமையின் கோபம் லூசிபரின், அதாவது கடவுளை எதிர்த்த சாத்தானின், குரலாக வெடிக்கிறது. உடன்பிறந்தவர்களைக் காட்டிக்கொடுத்துக் கூலி வாங்கியவனை அந்தக் குரல் சபிக்கிறது. தன் துணைவியை ஏற்றிப் போகும் நீராவிப் படகைப் பார்த்துத் தவிக்கிறது. 1881 பதிப்பில் விட்மன் இதை நீக்கிவிட்டார். முடிவில் எஜமான் அடிமைக்கு வணக்கம் சொல்லும் வரி மட்டும் தங்கிவிட்டது. அந்தக் கோபத்தைக் கேட்காமல் இந்த வணக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. முதல் பதிப்பையே படியுங்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

கேள்வி: இன்னொரு அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோவின் 'அடிமையின் கனவு' இதே வகைதானே?

பதில்: 1842-ல் வந்தது. அறுவடையாகாத நெல்லருகே கையில் அரிவாளோடு கிடப்பவன், நைஜர் நதிக்கரையில் அரசனாக மனைவி மக்களோடு இருப்பதாகக் கனவு காண்கிறான். கங்காணியின் சாட்டை உறைக்காமலே இறந்துபோகிறான். இரக்கம் நிஜமானது. ஆனால் அவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை, நாம் அழுதுவிட்டு நகர்ந்துவிடலாம்.

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போர் விட்மனை மாற்றியதா?

பதில்: ரொம்பவே. 1862 டிசம்பரில் காயம்பட்ட தம்பி ஜார்ஜைத் தேடிப் போனவர், பிறகு வாஷிங்டன் மருத்துவமனைகளில் வீரர்களுக்குத் துணையாக இருந்தார். அவருடைய 'பீரங்கி வீரனின் காட்சி' கவிதையில், வீடு திரும்பிய ஒருவன் நள்ளிரவில் விழிக்கிறான். பக்கத்தில் மனைவி உறங்குகிறாள், குழந்தையின் மூச்சு கேட்கிறது, கண்முன் சண்டை நடக்கிறது. அதில் அவனுக்குப் பழைய வெறிகொண்ட மகிழ்ச்சியும் பொங்குகிறது. அதை மறைக்காமல் எழுதியதால்தான் அவனை நம்புகிறோம்.

கேள்வி: கறுப்பினக் கவிஞர் யாரையாவது சொல்லுங்களேன்.

பதில்: பிரான்சஸ் ஹார்ப்பர். பால்டிமோரில் சுதந்திரப் பெண்ணாகப் பிறந்தவர். 1858-ல் எழுதிய கவிதையில், அடிமைகள் உள்ள மண்ணில் தன்னைப் புதைக்காதீர்கள் என்கிறார். அவர்களின் நடுங்கும் காலடிச் சத்தம் கேட்டால் கல்லறையிலும் தூங்க முடியாதாம். விட்மனுக்கு முன்னால் இவரைப் படித்தாலும் நல்லதே.