கால்பந்து ரசிகர்களின் ஆர்வத்தையும் கைபேசியையும் வைத்து ஆண்களின் உடல்நலத்தைக் கூட்ட முடியுமா?

முடியும். ஆனால் கைபேசியைவிட அணியின் மேல்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

ஸ்காட்லாந்தில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 35 முதல் 65 வயது வரையிலான, எடை கூடிப்போன 747 ஆண்கள்; 13 தொழில்முறை கிளப்புகள். வாரம் ஒரு வகுப்பு, 12 வாரம். நடத்தியது அந்தந்த கிளப்பின் பயிற்சியாளர்கள், தங்கள் அணியின் மைதானத்திலேயே. நடையில்தான் ஆரம்பித்தார்கள். ஓராண்டு கழித்து, வகுப்புக்கு வந்தவர்கள் வராதவர்களைவிடச் சராசரியாக 5 கிலோ அளவுக்குக் கூடுதலாகக் குறைத்திருந்தார்கள். 2014ல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவுகள் வந்தன. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத ஆண், தன் அணியின் மைதானம் என்றால் வருகிறான்!

அப்புறம் இங்கிலாந்து, நெதர்லாந்து, நார்வே, போர்ச்சுகலில் இதையே கருவியும் செயலியும் சேர்த்து நடத்தினார்கள். உட்கார்ந்திருக்கும் நேரத்தையும் நடையையும் காட்டும் கருவி பேன்ட் பையில் இருந்தது. ஓராண்டில் நடை தினம் சுமார் 680 காலடி கூடியது. உட்காரும் நேரம் குறையவே இல்லை. எண்ணைக் காட்டினால் மட்டும் மனிதன் எழுந்துவிடுவதில்லை.

எங்கள் டெல்டாவுக்கு வருவோம். நடவுக்கும் அறுப்புக்கும் மிஷின் வந்துவிட்டது, வயலுக்குப் போவது பைக்கில். நாற்பதைத் தாண்டிய பலருக்குச் சர்க்கரை, பிரஷர். 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு தேடி வருகிறது, நல்ல திட்டம். ஆனால் பகலில் நம் ஆட்கள் வீட்டில் எங்கே இருக்கிறார்கள்? கொள்முதல் நிலையத்திலோ டீக்கடையிலோதான். அவர்கள் மொத்தமாக ஒரே இடத்தில் கூடுவது மேட்ச் பார்க்கத்தான்.

அங்கேதான் பிடிக்க வேண்டும். மன்னார்குடி என்றால் மேட்ச்சுக்கு முன் ஹரித்ராநதி தெப்பக்குளத்தின் கரையை எல்லாரும் சேர்ந்து சுற்றி வரட்டும். மெஸ்ஸி கட்சி, ரொனால்டோ கட்சி என்று பிரிந்து, வாட்ஸப் குழுவில் நடைக்கணக்கைப் போடட்டும். தனி ஆள் கணக்கு வேண்டாம், கட்சியின் மொத்தக் கணக்குதான். குறைவாக நடந்தவர் கூச்சப்பட்டு விலகிவிடக் கூடாது. வயலில் நிற்கும்போது போனை வண்டியிலேயே விட்டுவிடாமல் பையில் வைத்தால்தான் நடை கணக்கில் ஏறும். பள்ளி பி.டி. சாரை அழைத்தால் பயிற்சிக்கும் ஆள் கிடைத்துவிடும்.

ஒன்றே ஒன்று: எடுத்த எடுப்பில் பந்தைத் துரத்தாதீர்கள், முழங்கால் தாங்காது. முதலில் சில வாரம் நடை. இன்சுலின் போடுகிறவர்களும் நெஞ்சுவலி வந்தவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டே இறங்குங்கள்.