டிஸ்லெக்சியா (எழுத்தை வாசிப்பதில் வரும் கற்றல் சிரமம்) உள்ள பிள்ளை பாரதியின் ‘குயில் பாட்டு’ படிக்க ஏஐ எப்படி உதவும்?

புதுச்சேரியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்காகக் கேட்டிருக்கிறீர்கள். ஏஐயிடம் பாட்டைச் சுருக்கித் தரச் சொல்லாதீர்கள், கவிதையே போய்விடும். பெரிய தடை சந்திதான். ‘காலை யிளம்பரிதி’யை ‘காலை இளம் பரிதி’ என்று பிரித்துவிட்டு, பரிதி என்றால் சூரியன் என்று பக்கத்தில் எழுதினாலே கண் தடுமாறாது.

எட்டு எட்டு அடியாக ஒட்டி, “சந்தியை மட்டும் பிரி, சொல்லையும் வரிசையையும் மாற்றாதே, ஒவ்வோர் அடிக்கும் கீழே எளிய பொருள் ஒரு வரி கொடு” என்று கேளுங்கள். மொத்தமாகப் போட்டால் நடுவே அடிகளை விழுங்கிவிடும், சில சமயம் இல்லாததைச் சேர்க்கும். அச்சுப் புத்தகத்தை வைத்து அடிகளை எண்ணிப் பாருங்கள்.

எழுத்து 18 பாயிண்ட், வரி இடைவெளி 1.5. கணினிக் குரல் பாட்டின் ஓசையைத் தட்டையாக்கிவிடும்; நீங்களே வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பாட்டில் வரும் மாஞ்சோலை உங்கள் ஊரின் மேற்கேதான் என்பதையும் சொல்லுங்கள்.