பீரோ சாவி யாருகிட்ட இருக்கு?

கேள்வி: நாங்க ஆர்.சி. குடும்பம். பொண்ணுக்கு 17 வயசு 5 மாசம், பிளஸ் டூ. மாப்பிள்ளைக்கு 27, குவைத்ல வேலை, லீவு 40 நாள்தான். பங்குச்சாமி கோயில்ல ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்க மாட்டேன்னுட்டார். திருச்சபை சட்டப்படி பொண்ணுக்கு 14 போதும்னு நாத்தனார் சொல்றாங்க. பிஷப்கிட்ட பர்மிஷன் கேக்கலாமா? பொண்ணுக்கும் சம்மதம்தான். பரீட்சை பரீட்சைன்னு ஒரே அழுகை, அதனால ஹால் டிக்கெட்ட பீரோல வச்சுப் பூட்டிட்டேன். — ஒரு தாய்

பதில்: பிஷப் இருக்கட்டும்மா, மொதல்ல அந்த பீரோவுக்கு வருவோம். சம்மதம்னு ஒரு வரி, ஹால் டிக்கெட்ட பூட்டிட்டேன்னு அடுத்த வரி, எழுதும்போது கை கூசலையா? சம்மதிச்ச பொண்ணுக்கு எதுக்குப் பூட்டு?

நாத்தனார் சொன்ன 14 பொய் இல்ல. பொண்ணுக்கு 14, பையனுக்கு 16 முடியலன்னா கல்யாணமே செல்லாதுங்குது 1983 திருச்சபைச் சட்டத்தோட 1083வது பிரிவு. அதுக்கும் முன்னாடி, 1917ல மாத்துற வரைக்கும், 12ம் 14மா இருந்துச்சு. உலகம் பூரா உள்ள கத்தோலிக்கருக்கு சேத்துப் போட்ட அடிமட்டக் கோடு அது, 14ல கட்டிக்குடுன்னு அதுக்கு அர்த்தம் இல்ல. அதே புத்தகத்துல 1072ஐ அவங்க பாத்திருக்க மாட்டாங்க, அந்த ஊர் வழக்கத்துல உள்ள வயசு வர்றதுக்கு முன்னாடி கல்யாணத்துக்கு வர்ற பிள்ளைங்கள வேணாம்னு திருப்பப் பாருங்கன்னு சாமியாருங்களுக்கே சொல்லியிருக்கு. நாட்டுச் சட்டம் ஒத்துக்காத கல்யாணத்த பிஷப் அனுமதி இல்லாம நடத்தாதன்னு 1071ல ஒரு வரி உண்டு, அதப் புடிச்சுக்கிட்டுதான் பிஷப் வீட்டு வாசலுக்குப் போகப் பாக்குறீங்க. போனா பிஷப் மட்டும் என்ன சொல்லுவார்? 2006 குழந்தைத் திருமணச் சட்டம் கோயிலுக்கும் சேத்துதான். நடத்தி வைக்கிறவருக்கு, கட்டிக்கிறவனுக்கு, உங்க வீட்டுக்காரருக்கு, 2 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 லட்சம் வரைக்கும் அபராதம். பெத்தவங்கள்ல பொம்பளைக்கு ஜெயில் கிடையாதுன்னு அதுல ஒரு சலுகை இருக்கு, அந்த மனுஷன உள்ள அனுப்பிட்டு நீங்க வெளிய இருந்துக்கலாம்.

இதெல்லாம் ஏழு மாசத்துல தீர்ந்துடும், 18 ஆயிடும். பூட்டு தீராது. பயமுறுத்தியோ கட்டாயப்படுத்தியோ வாங்குன சம்மதம் செல்லாதுன்னு திருச்சபைச் சட்டத்தோட 1103வது பிரிவு சொல்லுது, அதுக்கு வயசுக் கணக்கே இல்ல, 30 வயசுக்காரிக்கும் அதே சட்டம்தான். பீடத்துக்கு முன்னாடி சாமியார் யாரும் கட்டாயப்படுத்தலையேன்னு கேப்பார், உங்க மக ஆமான்னு தலையாட்டுவா, அந்த ஆமாவ வாங்குனது உங்க பீரோ சாவிதான். ஞானஸ்நானத்தன்னிக்கு இவள நல்லா வளப்பேன்னு இதே கோயில்ல வாக்குக் குடுத்தவங்க நீங்க, எனக்கு அதான் ஆறல. பிள்ளைக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறது கடமைதான், நான் இல்லேங்கல, ஆனா 12 வருஷம் படிக்க வச்சவ கடைசிப் பரீட்சையில வழிமறிச்சு நிக்கிறது எந்த ஊர்க் கடமை?

பங்குச்சாமி மேல கோவப்படாதீங்க, உங்க வீட்டுல யாரும் செய்யாத வேலைய அவர் செஞ்சிருக்கார். மாப்பிள்ளை வீட்டுல பொண்ணுக்கு 18 ஆகட்டும், அப்புறம் அவகிட்டயே கேட்டுச் சொல்றோம்னு சொல்லுங்க. 40 நாள் லீவு அடுத்த வருஷமும் வரும். காத்திருக்க முடியாதுன்னா போகட்டும்.

பரீட்சை என்னிக்குன்னு நீங்க எழுதவே இல்ல. இத வாசிக்கிறப்போ ஒரு பேப்பர் போயிருந்தா துணைத்தேர்வு இருக்கு, பள்ளிக்கூடத்துல போய்க் கேளுங்க. ஃபீஸ கல்யாணச் செலவுக்கு எடுத்து வச்ச காசுல கட்டுங்க, அதுவும் அந்த பீரோலதான இருக்கும்.