மழைக்குப் பிறகு சாலையில் வரும் ஆமையைப் பிடித்துக் கிணற்றில் விடலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் தோப்பு. மழை பெய்தால் தோப்புச் சாலையில் ஆமை நடந்து வருகிறது. வழி தவறி வந்ததா? ஆற்றில் விடுவதா, கிணற்றில் விடுவதா?

பதில்:

இரண்டிலும் விட வேண்டாம். அது வழி தவறி வரவில்லை. வண்டி வருகிற சாலை என்றால், எந்தத் திசையைப் பார்த்து நடந்ததோ அந்தப் பக்கத்து ஓரத்தில் தூக்கி வைத்துவிடுங்கள், போதும். வந்த பக்கமே திருப்பி விட்டால் மறுபடியும் சாலைக்குத்தான் வரும்.

நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்கா மழை மறைவுப் பகுதி. ஆழியாற்றுத் தண்ணீர் வரும்போது ஏரி குளமெல்லாம் நிறையும், கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இங்கே இருக்கிற ஆமைகள் இந்த இரண்டுக்கும் பழகியவை. குளம் வற்றினால் பாலாமை சேற்றுக்குள் புதைந்து மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். இல்லையென்றால் நடந்தே அடுத்த குளத்தைத் தேடிப் போகும். மழை விழுந்ததும் எழுந்து வரும். நீங்கள் பார்ப்பது அந்த நடையைத்தான்.

என்ன ஆமை என்று தெரிந்துகொள்வது நல்லது. ஓட்டில் கட்டம் எதுவும் இல்லாமல் தோல் போர்த்திய மாதிரி வழுவழுப்பாக இருந்தால் பாலாமை. அடியில், பின்கால் பக்கம் இரண்டு மடல் இருக்கும். காலை உள்ளே இழுத்துக்கொண்டு கதவு மாதிரி மூடிக்கொள்ளும். கழுத்து நீளம், கடிக்கும், அதனால் ஓட்டின் பின்பாதியைப் பிடித்துத் தூக்குங்கள். தவளை, மீன், நத்தை, செத்துக் கிடப்பது, நீர்ச்செடி எல்லாம் தின்னும். ஓடு கெட்டியாக, கறுத்து, முதுகில் மூன்று வரம்பு ஓடினால் காராமை. பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் இரை தேடும். பயந்தால் ஒரு நாற்றம் விடும், கை கழுவினாலும் லேசில் போகாது.

மூன்றாவது நட்சத்திர ஆமை. குவிந்த கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் விரியும். கேரளத்தில் அதற்குப் பேர்போன இடம் மறையூருக்குக் கீழே சின்னாறு, முள்ளுக்காட்டுப் பூமி. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்: அது முழுக்க நிலத்து ஆமை. நல்லது செய்கிறோம் என்று குளத்தில் போட்டால் மூழ்கிச் செத்துப் போகும். ஆமை என்றாலே தண்ணீர் என்று நாம் நினைப்பதால் வருகிற வினை இது. வீட்டில் வைத்தால் ராசி என்று வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்காகவே காட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் பிடித்துக் கடத்துகிறார்கள். 2019-இல் சர்வதேச வணிகத்துக்கே தடை வந்தது. நம் வனவிலங்குச் சட்டத்தில் நட்சத்திர ஆமையும் பாலாமையும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம்.

நெல்லியாம்பதி, சாலக்குடிக் காடுகளில் இன்னொன்று உண்டு, ஒரு சாண்கூட வராத சூரலாமை. 1912-இல் விவரிக்கப்பட்ட பிறகு எழுபது வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. 1982-இல் சென்னையைச் சேர்ந்த ஜெ. விஜயா காடர் பழங்குடி மக்களோடு காட்டில் தங்கித் தேடி அதைக் கண்டுபிடித்தார். அந்தப் பேரினத்துக்கு இன்று அவர் பெயர்தான். இருபத்தெட்டு வயதுக்குள் போய்விட்டார். நம் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியவில்லையே என்று எனக்கு வருத்தம் உண்டு.

சரி, கிணறு. தண்ணீர் சுத்தமாகும் என்று காராமையைக் கிணற்றில் விடுவது நம் பக்கத்தில் பழைய வழக்கம். புழு பூச்சியைத் தின்னும், உண்மைதான். ஆனால் செங்குத்தான சுவரில் அது ஏற முடியாது. வெயில் காய இடமில்லை, முட்டையிட மண் இல்லை. எவ்வளவு காலம் உயிரோடு இருந்தாலும் அதன் வம்சம் அந்தக் கிணற்றோடு முடிந்தது. நம் ஊர் ஆமை எதுவும் தண்ணீருக்குள் முட்டையிடாது. கரையேறி, பின்காலால் குழி தோண்டி, இட்டு மூடிவிட்டுத்தான் போகும். அதனால்தான் குளத்தைச் சுற்றிக் கான்கிரீட் சுவர் எழுப்பும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. ஒரு பக்கமாவது சரிவான மண்கரை விடச் சொல்லிப் பஞ்சாயத்தில் கேளுங்கள்.

தூர் வாருவதும் கோடையில்தான் நடக்கிறது, பாலாமை சேற்றுக்குள் கிடக்கிற அதே மாதங்களில். எங்கள் ஏரியில் ஜேசிபி ஓட்டிய தம்பி, "கல்லுன்னு நெனச்சேனுங்ணா" என்று ஒன்றைக் காட்டினார். அள்ளிய வண்டலை லாரியில் ஏற்றுமுன் கரையில் பரப்பி ஒருமுறை பார்க்கச் சொன்னோம், மறுக்காமல் செய்தார். கிடைத்ததை ஈரமுள்ள மூலையிலேயே மண்ணைத் தள்ளி வைத்தோம். உங்கள் ஊரிலும் வேலை தொடங்கும் முன்னே சொல்லிவிடுங்கள், பாதி வண்டல் போன பிறகு சொல்லிப் பயனில்லை.

கடையில் வாங்கிய, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள குட்டி ஆமை உங்களிடம் இருந்தால் அதையும் குளத்தில் விடாதீர்கள். அது அமெரிக்க ஆமை, நம் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அதையும், அடிபட்டு ஓடு உடைந்த ஆமை எது கிடைத்தாலும், வனத்துறை ஆட்களிடம் ஒப்படையுங்கள். உடைந்ததைத் தண்ணீரில் வைக்காமல், காற்றோட்டமுள்ள பெட்டியில் ஈரத்துணி விரித்து எடுத்துப் போங்கள்.