நரியின் தாடையிலிருந்து தொடங்குங்கள், மகள்

மதிப்புக்குரிய ஐயா,

நான் திருக்கோவிலைச் சேர்ந்தவள். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படித்துவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கிறேன். ஆதிகால ஓநாய்களின் உயிர்ச்சுவடுகளையும் அவற்றின் கூர்ப்பையும் ஆராய வேண்டும் என்பது என் ஆசை. ஓநாயே இல்லாத நாட்டிலிருந்து ஓநாயின் எலும்பைப் படிக்கப் போகிறாயா என்று வீட்டில் சிரிக்கிறார்கள். அழிந்துபோன டைர் ஓநாயை அமெரிக்காவில் மீண்டும் பிறப்பித்துவிட்டார்களே, இனி அதில் ஆராய என்ன மிச்சம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எங்கே படிக்கலாம்? எங்கள் பக்கத்தில் பார்த்துப் பழக ஓர் எலும்புகூட இல்லையே, நான் எப்படித் தயாராவது?

ஒரு வாசகி, திருக்கோவில்

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதம் வந்த கிழமை முழுவதும் நான் ஒரு நரியின் மண்டையோட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் மற்றக் கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டு உங்களுக்கு முதலில் எழுதுகிறேன்.

எங்கே படிப்பது என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் இருக்கிறது. வேறு பல்கலைக்கழகம் கிடைத்தாலும் விலங்கியலையோ புவிச்சரிதவியலையோ அடித்தளமாகப் போடுங்கள், உயிர்ச்சுவட்டியல் பட்டப்பின் படிப்பில் வரட்டும். வீட்டார் சிரிப்பதையும் பெரிதாக எடுக்காதீர்கள். நம் நாட்டில் சிங்கமும் இல்லை. ஆனால் குருவிட்டையில் கிடைத்த இரண்டு பற்களை வைத்து, இங்கே முன்பு சிங்கம் வாழ்ந்தது என்று 1939இல் உயிர்ச்சுவட்டியலாளர் பி. ஈ. பி. தெரணியகல எழுதினார். இரத்தினபுரிப் பக்கத்து மாணிக்கக் குழிகளிலிருந்து காண்டாமிருகமும் நீர்யானையும்கூட எலும்பாக எழுந்து வந்திருக்கின்றன.

உங்கள் நண்பர்கள் சொன்னதை மட்டும் என்னால் அப்படி விட முடியவில்லை. 2025 ஏப்ரலில் கொலோசல் என்ற அமெரிக்க நிறுவனம் டைர் ஓநாய் என்று காட்டிய குட்டிகள் சாம்பல் ஓநாயின் கலத்திலிருந்து பிறந்தவை. அக்கலத்தின் 14 பரம்பரையலகுகளில் 20 மாற்றங்களைச் செய்து, வெள்ளை மயிரும் பெரிய உடலும் வரச் செய்தார்கள். அதைச் செய்யப் பெரிய திறமை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் தோற்றத்தைக் கொண்டுவந்துவிட்டால் விலங்கே வந்துவிட்டது என்று நம்புவதற்கு உயிரியல் படித்த பிள்ளைகள் வெட்கப்பட வேண்டும். அந்தப் பேச்சைக் கேட்டு உங்கள் மனமும் தளர்ந்ததே, அதற்காக உங்கள் மீதும் எனக்குக் கோபம்தான்.

ஏனென்றால் டைர் ஓநாயின் கதை முழுவதுமே தோற்றத்தை நம்பி ஏமாந்த கதை. 1854இல் ஒகையோ ஆற்றங்கரையில் ஒரு தாடை கிடைத்தது. 1858இல் அமெரிக்க உயிர்ச்சுவட்டியலாளர் யோசப் லீடி அதற்குக் கேனிஸ் டைரஸ் என்று பெயரிட்டு, ஓநாயும் நாயும் நரியும் இருக்கும் சாதியிலேயே சேர்த்தார். லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் லா ப்ரியா தார்க் குழிகளிலிருந்து மட்டும் 4,000க்கு மேற்பட்ட டைர் ஓநாய்களின் எலும்புகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. தாரில் சிக்கிய இரையைத் தின்னக் கூட்டமாக வந்து அவையும் சிக்கிக்கொண்டன. அங்குள்ள நூதனசாலையில் ஒரு சுவர் முழுவதும் 404 மண்டையோடுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். இத்தனை எலும்பைப் பார்த்த பிறகும், இது சாம்பல் ஓநாயின் சற்றே பருத்த சகோதரம் என்றுதான் பெரும்பாலோர் நினைத்தார்கள். இது வேறு சாதி என்று கருதி, 1918இல் இன்னொரு உயிர்ச்சுவட்டியலாளர் யோன் மெரியம் ஏனோசையன் என்ற பெயரை முன்வைத்தார். அதைப் பின்வந்தவர்கள் கைவிட்டார்கள்.

2021இல்தான் பழைய எலும்புகளிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் படித்தார்கள். தார் ஊறிய லா ப்ரியா எலும்புகள் அதற்கு உதவவில்லை. வேறு இடங்களில் கிடைத்த ஐந்து மாதிரிகளே கைகொடுத்தன. டைர் ஓநாயின் வழி சாம்பல் ஓநாயின் வழியிலிருந்து ஏறத்தாழ 57 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது என்று அந்த ஆய்வு கண்டது. சாம்பல் ஓநாய் யூரேசியாவில் உருவாகிப் பிற்பாடு அமெரிக்கா போய்ச் சேர்ந்த விலங்கு. இரண்டும் ஒரே நிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகள் திரிந்தும் இரத்தம் கலந்ததற்கான தடயத்தை அந்த ஆய்வாளர்கள் காணவில்லை. பெரிய இரையை விரட்டிப் பிடித்து எலும்பைக் கடிக்கும் வாழ்வு, உறவு விலகிப்போன இரண்டுக்கும் ஒரே மாதிரியான தாடையைக் கொடுத்திருந்தது. மெரியத்தின் பெயர் 103 ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்தது.

இது எங்கோ நடந்தது என்று நினையாதீர்கள். நம் நரியின் விடயத்திலும் இதேதான் நடந்தது. ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் வாழும் பொன்னிற நரி ஒன்றே என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். அளவு, நிறம், பல் எல்லாம் அவ்வளவு ஒத்திருந்தன. 2015இல் மரபணுவைப் பார்த்தபோது, ஆபிரிக்காவில் இருப்பது நரியே இல்லை, சாம்பல் ஓநாய்க்கு நெருங்கிய ஓர் ஓநாய் என்று தெரிந்தது. உயிரோடு கண்முன் ஓடித்திரிந்த விலங்கிலேயே இப்படிப் பிழைத்தவர்கள், மண்ணுக்குள் கிடைத்த அரைத் தாடையில் எவ்வளவு பிழைக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். ஓர் எலும்பு இன்னொன்றைப் போல இருக்கிறது என்று எழுதும் ஒவ்வொரு முறையும், அந்த ஒப்புமை பிறப்பால் வந்ததா பிழைப்பால் வந்ததா என்று கேட்கத் தெரிந்தவர்தான் கூர்ப்பைப் படிக்கிறார். மற்றவர்கள் எலும்பு சேர்க்கிறார்கள்.

இனி, ‘ஓர் எலும்புகூட இல்லை’ என்று எழுதினீர்களே, அதற்கு வருகிறேன்.

என் அம்மப்பாவுக்குப் படுவான்கரையில் வயல் இருந்தது. வெள்ளாமைக் காலத்தில் வாடியில் அவரோடு தங்குவேன். பொழுது பட்டதும் வட்டையின் அந்தலையிலிருந்து நரிகள் ஊளையிடும். ஒருமுறை வாய்க்கால் ஓரம் செத்துக் கிடந்த நரியை அவர் புதைத்தார். மாரி கழிந்த பின் மண்டையோட்டைத் தோண்டி எடுத்துக் கழுவினார். வழக்கில் வெல்வதற்கு நரிக்கொம்பு வேண்டுமென்று ஒருவர் வந்து கேட்டபோது, அம்மப்பா அந்த ஓட்டை அவர் கையில் கொடுத்து, “தடவிப் பாருங்க, கொம்பு எங்க இருக்கு?” என்றார். உச்சியில் ஓடும் மெல்லிய எலும்பு வரம்பைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. தாடையை இழுக்கும் தசை அந்த வரம்பில்தான் பற்றிக்கொள்கிறது என்பதைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தேன்; ஆனால் அதன் கூர்மையை என் விரல் அன்றே அறிந்திருந்தது.

அதைப் பாடசாலைக்குக் கொண்டுபோனேன். ஓர் ஆசிரியர் அபசகுனம் என்று யன்னலுக்கு வெளியே எறிந்தார். கீழ்த்தாடையின் ஒரு பாதி உடைந்துபோனது. மிச்சம் 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளியில் கூரையோடு போயிற்று. அந்த ஆசிரியரை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மகள். சூறாவளியை மன்னித்துவிட்டேன்.

நம் நாட்டுக் காட்டில் வாழும் ஒரே நாய்க்குடும்ப விலங்கு நரிதான். தென்னிந்தியாவிலும் இங்கும் வாழும் துணையினத்துக்கு விலங்கியலார் இட்ட பெயரே ‘நரியா’. சாகாமம் பக்கத்து வயல்களில் அது ஊளையிடும்போது, ஓநாயின் உறவு ஒன்றை நீங்கள் வீட்டிலிருந்தே கேட்கிறீர்கள். செத்த நரியை மட்டும் கையால் தொட வேண்டாம், விசர் நோய் இருக்கலாம். விலங்கியல் துறையில் மண்டையோடு இருந்தால் கேட்டுப் பாருங்கள். நாயின் ஓட்டை அதன் பக்கத்தில் வையுங்கள். நரியின் நெற்றி மூக்கோடு தாழ்ந்து நீண்டு கிடக்கும்; நாயின் நெற்றி கண்ணுக்கு முன்னால் படியேறும்.

அதுவரை உங்கள் வீட்டு நாய் சாதுவாக இருந்தால், அதன் வாயைத் திறந்து எண்ணுங்கள். மேலே 20, கீழே 22. நரிக்கும் ஓநாய்க்கும் அதே கணக்குத்தான். மேலே நான்காவது முன்கடைவாய்ப்பல்லும் கீழே முதலாவது கடைவாய்ப்பல்லும் கத்தரிக்கோல் அலகு போல உரசிச் செல்வதைக் கவனியுங்கள், இறைச்சியை அறுப்பவை அவைதான். கீழ்த்தாடையின் கடைசிப் பல் மிளகு அளவுதான் இருக்கும். அவசரப்பட்டால் அதைத் தவறவிட்டு 40 என்று எழுதிவிடுவீர்கள், அது இந்தியக் காட்டுச் செந்நாயின் கணக்கு. எண்ணி முடித்ததும் எனக்கு எழுதுங்கள்.