பொன்னைத் தேடாதே, அதன் சூட்டைத் தேடு: கேள்வி பதில்

போன கிழமை, தங்க நனோத் துணிக்கையை லேசரால் சூடாக்கித் தண்ணீருக்குள் அதன் பின்னாலேயே போவதைப் பற்றி இரண்டு வரி எழுதப்போய்க் கேள்விகள் குவிந்துவிட்டன. கரண்ட் இருக்கும்போதே முடிந்தவற்றுக்குப் பதில் போடுகிறேன்.

ஹட்டன், உயர்தர மாணவி: அண்ணே, 10 நனோமீற்றர் துணிக்கையைச் சாதாரண நுணுக்குக்காட்டியில் பார்க்கவே முடியாது என்றார் எங்கள் சேர். நீங்கள் பார்க்கலாம் என்கிறீர்களே?

சேர் சொன்னதில் பிழையில்லை தங்கச்சி, துணிக்கையை நாங்களும் பார்ப்பதில்லை. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடிக்கும்போது லயத்துத் தகரக் கூரையை எட்ட நின்று பார், அதற்குப் பின்னால் தெரிகிற தேயிலை நிரை நெளியும். சூடான காற்று கண்ணில் படாது, ஆனால் ஒளியை வளைத்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இங்கேயும் அதேதான். 532 நனோமீற்றர் பச்சை லேசரைத் தங்கம் நன்றாக உறிஞ்சிச் சூடாகும், ஒட்டியிருக்கும் தண்ணீரும் சூடாகும், தண்ணீரின் முறிவுச்சுட்டி, அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற எண், ஒரு பாகைக்குச் சுமார் 0.0001 குறையும். அந்த இடத்தைக் கடந்து வருகிற இரண்டாவது லேசரில், அது பெரும்பாலும் சிவப்பு, இந்த மாற்றம் ஒட்டிக்கொண்டு வரும். நாங்கள் பிடிப்பது அதைத்தான்.

பண்டாரவளை: பட்டுச் சிதறுகிற ஒளியையே பார்த்துவிட்டுப் போகலாமே, எதற்கு இந்தச் சுற்றுவழி?

விட்டம் பாதியானால் சிதறல் 64 மடங்கு குறையும், உறிஞ்சல் 8 மடங்குதான் குறையும். சிறிதாகச் சிறிதாகச் சிதறல் கைவிட்டுவிடும். அதோடு தூசி, கொழுப்பு எல்லாமே ஒளியைச் சிதறடிக்கும், ஆனால் தங்கம் மாதிரிச் சூடாகாது. 2002இல் பிரான்சின் போர்தோவில் ஒரு குழு 2.5 நனோமீற்றர் தங்கத்தை இப்படித்தான் பிடித்தது.

அவரே: அவ்வளவு சின்ன மாற்றம் இரைச்சலில் காணாமல் போகாதா?

போகும், சும்மா பார்த்தால். அதனால் பச்சை லேசரைச் செக்கனுக்கு லட்சம் தடவை போல ஏற்றி இறக்கி, அதே தாளத்தில் வருகிற சைகையை மட்டும் எடுப்பார்கள். திருவிழாக் கூச்சலுக்கு நடுவே தப்பு மேளச் சத்தம் தனியாகக் கேட்கிறதல்லவா, அப்படி.

பேராதனை, மூன்றாம் வருடம்: சூடாக்கினால் துணிக்கை வேகமாக ஓடுமே, அப்போது அதன் பருமனை அளப்பதே பிழைத்துவிடுமே?

இதுதான் உண்மையான தலைவலி. 40 நனோமீற்றர் தங்கத்துக்கு 25 பாகைத் தண்ணீரில் பரவற் குணகம், அதாவது அலைந்து பரவுகிற வேகத்தின் அளவு, செக்கனுக்குச் சுமார் 12 சதுர மைக்ரோமீற்றர். லேசர்ப் புள்ளியோ அரை மைக்ரோமீற்றர் அகலம், அதனால் ஒன்றிரண்டு மில்லிசெக்கனில் ஆள் வெளியே. அது எவ்வளவு நேரம் உள்ளே நின்றது என்பதை ஆயிரக்கணக்கான வருகைகளில் பார்த்துத்தான் பருமனைக் கணக்கிடுவோம். சூடு ஏறினால் தண்ணீர் இளகிவிடும் (பிசுக்குமை 20 பாகையில் 1.0 என்றால் 40 பாகையில் 0.65), துணிக்கை சீக்கிரம் ஓடும், நீங்கள் அதை உள்ளதை விடச் சிறியது என்று எழுதிவைப்பீர்கள். சரி, எந்த வெப்பநிலையைக் கணக்கில் போடுவது? மேற்பரப்பில் ஒன்று, கொஞ்சம் தள்ளினால் வேறொன்று. 2010இல் ஜெர்மனியின் லைப்சிக் குழு இதற்கு ஒரு விடை சொன்னது: சூடு மிதமாக இருந்தால், மேற்பரப்பு ஏறிய அளவில் பன்னிரண்டில் ஐந்து பங்கைச் சுற்றுப்புற வெப்பநிலையோடு கூட்டினால் போதும். அழகான கணக்குத்தான், ஆனாலும் நான் அதை மட்டும் நம்பிப் படுப்பதில்லை. நான்கு லேசர் வலுக்களில் அளந்து, கோடு கீறி, வலு பூச்சியத்தில் என்ன வரும் என்று பாருங்கள். அரை மைக்ரோமீற்றர் புள்ளியில் 1 மில்லிவாற்று கொடுத்தாலே 40 நனோமீற்றர் தங்கம் 100 பாகை அளவுக்கு ஏறிவிடும், ஆகவே அதில் பத்தில் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

நுவரெலியா: எங்கள் ஊரில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். அங்கே செய்தால் குமிழி வந்து கெடுக்காதா?

நல்ல கேள்வி, சிரித்துவிட்டேன். கேத்தலுக்குத்தான் அந்தக் கணக்கு. 20 நனோமீற்றர் ஆரைக் குமிழியை மேற்பரப்பு இழுவிசை ஏறத்தாழ 60 வளிமண்டல அமுக்கத்தில் நசுக்கிக்கொண்டிருக்கும். மலையில் வளிமண்டலம் ஐந்தில் ஒரு பங்கு குறைவதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. 200 பாகை தாண்டியும் கொதிக்காமல் நிற்கும்.

பதுளை: சிவப்பாக இருந்த தங்கக் கரைசல் ஊதாவாகிவிட்டது. பாவிக்கலாமா?

ஊற்றிவிடுங்கள். உப்புப் பட்டிருக்கும். ஒரே மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த துணிக்கைகள், உப்பு அந்தத் தள்ளலை மழுக்கியதும் கட்டி சேர்ந்துவிட்டன. நானும் ஒரு தடவை உப்புக் கரைசல் எடுத்த குழாயியாலேயே தங்கத்தையும் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். செம்பரத்தை நிறத்தில் விட்டுப்போனது காலையில் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

ஹட்டன் தங்கச்சியே மறுபடியும்: பள்ளிக்கூடத்தில் செய்து காட்ட ஏதாவது உண்டா?

தங்கம் வேண்டாம், சோயா சோஸ் போதும். ஒடுக்கமான கண்ணாடிப் பாத்திரத்தில் மெல்லிய படையாக எடுத்து, சிறிய பச்சை லேசரை அசையாமல் கட்டிவைத்து அதனூடாகச் சுவரில் விழ விடு. முதலில் சின்னப் புள்ளி, ஓரிரு செக்கனில் அது விரிந்து வளையம் வளையமாகும், சூடான திரவம் ஒரு வில்லையாகிவிட்டது. மேல்பாதி தட்டையாகத் தெரிந்தால் பயப்படாதே, சூடான சோஸ் மேலே கிளம்புகிறது. லேசரைச் சேர் கையில் கொடு, கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிற பக்கம் யாரையும் நிறுத்தாதே.