பழுதடைந்த பவுலிங் கூடம்: பணம் கட்டுவதற்கு முன்னும் பின்னும்

கேள்வி: கோடை விடுமுறைக்கு வந்திருந்த தங்கை பிள்ளைகளையும் ஆச்சியையும் அழைத்துக்கொண்டு காரைக்குடிப் பக்கம் உள்ள ஒரு பவுலிங் கூடத்துக்குப் போனோம். ஐந்து பேர் ஆட ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டினோம். பந்தை உருட்டி வீழ்த்த வேண்டிய பின்கள் (புட்டி வடிவக் கட்டைகள்) கயிற்றில் சிக்கியும் மின்சாரம் போய் வந்தும் பாதி நேரம் வீணாயிற்று. கொடுத்த காலணி ஈரமாக இருந்தது. மதிப்பெண் தவறாக ஏறுகிறது என்று பிள்ளைகளுக்குள் சண்டை வேறு. கேட்டதற்கு, "கட்டிய பணம் திருப்பித் தரப்படாது" என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார்கள். அடுத்த முறை எதைப் பார்த்துப் பணம் கட்ட வேண்டும்? பணத்தைத் திருப்பிக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டா? (தேவகோட்டை வாசகர்)

பதில்: நீங்கள் சொல்லும் குறைகள் பல, ஆனால் உங்கள் பணத்தைக் கரைத்தது நேரக் கணக்குதான். ஒருவர் பத்து பிரேம்கள் (ஒவ்வொன்றும் பொதுவாக இரண்டு வீச்சு வரை கொண்ட சுற்று) கொண்ட ஓர் ஆட்டத்தை முடிக்கப் பொதுவாக 10 முதல் 15 நிமிடம் ஆகும். ஐந்து பேர் ஒரே லேனில் (பந்து உருளும் தடத்தில்) ஆடினால், எல்லா இயந்திரங்களும் ஒழுங்காக ஓடும் கூடத்திலேயே ஓர் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆகவே இயந்திரம் நின்ற ஒவ்வொரு நிமிடமும் உங்கள் கணக்கில்தான் கழிந்தது. ஆட்டக் கணக்கில் பணம் கட்டியிருந்தால் அதே தாமதம் கூடத்துக்காரர் தலையில் விழுந்திருக்கும். இயந்திரத்தைச் சரிசெய்யும் அவசரமும் அவருக்கு வந்திருக்கும். பழைய கூடங்களில் ஆட்டக் கணக்கையே கேளுங்கள். நேரக் கணக்கு மட்டுமே உண்டு என்றால், லேன் நின்றாலோ மின்சாரம் போனாலோ அந்த நேரத்தைச் சேர்த்துத் தருவார்களா என்பதைப் பணம் கட்டும் முன்பே கவுண்டரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கட்டிய பிறகு கேட்டால் சுவரில் உள்ள தாள்தான் பதிலாக வரும்.

பணம் கட்டும் முன், வேறு யாராவது ஆடிக்கொண்டிருக்கும் லேனுக்குப் பின்னால் சற்று நேரம் நின்று பாருங்கள். பின்கள் கயிற்றில் சிக்கின என்று நீங்கள் எழுதியிருப்பதால், அங்கே இருப்பது கயிற்று இயந்திரம் என்று தெரிகிறது. இதில் ஒவ்வொரு பின்னின் தலையிலும் ஒரு கயிறு கட்டியிருக்கும்; பந்து பட்டு விழுந்தவற்றை இயந்திரம் மேலே இழுத்துக்கொண்டு, நிற்பவற்றை விட்டுவிடும். கயிறுகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டால், நல்ல இயந்திரம் எல்லாவற்றையும் மேலே தூக்கி ஆட்டி, தானே பிரித்துக்கொள்ளும். கயிறு நைந்தோ நீளம் மாறியோ போயிருந்தால் அது முடியாமல், பணியாளர் பின்பக்கம் போய்க் கையால் பிரிக்க வேண்டியிருக்கும். எப்போதாவது சிக்குவது இயல்பு. நீங்கள் நின்று பார்க்கும் சில நிமிடங்களுக்குள்ளேயே பணியாளர் இரண்டு முறை பின்பக்கம் ஓடினால், அந்த லேன் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய கூடத்திலும் எல்லா லேன்களும் ஒரே நிலையில் இருப்பதில்லை. எந்த எண் லேன் நன்றாக ஓடுகிறது என்பது அங்கே வேலை செய்யும் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். கனிவாகக் கேட்டால் பெரும்பாலும் மறைக்காமல் சொல்வார்கள்.

காலணி விஷயத்தை நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். என்னைக் கேட்டால் மற்ற எல்லாக் குறைகளையும்விட அதுதான் பெரிது. பவுலிங் காலணியின் அடிப்பாகம் வழுவழுப்பாக இருப்பது, பந்தை விடும்போது முன்னங்கால் சற்றுச் சறுக்கி நிற்பதற்காக. அந்த அடிப்பாகம் ஈரமாகிவிட்டால் கால் சறுக்காமல் தரையில் ஒட்டிக்கொள்ளும். உடலோ பந்தின் வேகத்தில் முன்னே போகும். இப்படித்தான் ஆட்கள் குப்புற விழுகிறார்கள். எனவே காலணியைக் கையில் வாங்கியதும் முகர்ந்து பார்ப்பதைவிட, திருப்பி அடிப்பாகத்தை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஈரமோ பிசுபிசுப்போ இருந்தால் வேறு ஜோடி கேளுங்கள். காலுறையை வீட்டிலிருந்தே எடுத்துப் போவது நல்லது. காலணி பிடிக்கவில்லை என்று பிள்ளைகளை வெறுங்காலோடு ஆட விடாதீர்கள். மிக இலேசான பந்தே சுமார் 2.7 கிலோ இருக்கும், அது விரலில் விழுந்தால் விடுமுறை மருத்துவமனையில்தான் கழியும்.

நம் பக்கத்து வீடுகளில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை மிதிபட மிதிபட மெருகேறும். பவுலிங் லேனோ ஆட ஆடத் தேய்கிற பொருள். பந்தை விடும் இடத்துக் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி நீளமுள்ள லேனில், முன்பகுதியில் ஏறக்குறைய 40 அடிக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இடுவார்கள். பந்து உராய்ந்து பரப்பு பாழாகாமல் இருக்கவும், பந்து முதலில் வழுக்கிப் பிறகு பிடித்துத் திரும்பவும் அது உதவுகிறது. பழைய எண்ணெயைத் துடைத்துப் புதிதாக இட வேண்டிய வேலையைத்தான் வருமானம் குறைந்த கூடங்கள் முதலில் கைவிடுகின்றன. திரும்பி வரும் பந்தில் கறுப்பு அழுக்கு வளையமாக ஒட்டியிருந்தால் அதுவே அடையாளம். ஒரு பழைய துண்டைக் கொண்டுபோய் ஒவ்வொரு முறையும் துடைத்துக்கொண்டால் பந்து கையிலிருந்து நழுவாது. கோட்டைத் தாண்டக் கூடாது என்ற விதிக்கும் இந்த எண்ணெயே ஒரு காரணம்: தாண்டியவரின் காலணியில் ஒட்டி வரும் எண்ணெய், அடுத்து ஆடுபவரை வழுக்கிவிடும். பின் விழவில்லை என்று லேனில் இறங்கி ஓடும் பிள்ளைகளை அதட்டியே நிறுத்த வேண்டும்.

பந்தில் விரல் நுழையும் ஓட்டைகளின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். சில்லு பெயர்ந்திருந்தால் தோலைக் கிழிக்கும். எடை 6 முதல் 16 பவுண்டு வரை இருக்கும். பிள்ளைகளுக்கு அவர்கள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுக் கணக்கு. ஆச்சியும் ஆட விரும்பினால், பந்தை வைத்துத் தள்ளிவிடும் சாய்வுச் சட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மதிப்பெண் சண்டைக்கு வருவோம். திரையில் தவறு என்று தோன்றுவதெல்லாம் தவறல்ல. ஒரே வீச்சில் பத்தும் விழுந்தால் (ஸ்ட்ரைக்) பத்தோடு அடுத்த இரண்டு வீச்சுகளும் சேரும்; இரண்டு வீச்சில் பத்தும் விழுந்தால் (ஸ்பேர்) பத்தோடு அடுத்த ஒரு வீச்சு சேரும். முதல் வீச்சில் 7, இரண்டாவதில் மீதி 3, அடுத்த பிரேமின் முதல் வீச்சில் 4 என்றால், முந்தைய பிரேமுக்கு 14 ஏறும். அந்த வீச்சு முடியும்வரை கட்டம் காலியாகவே இருக்கும். பிள்ளைகள் சண்டை போட்டது அநேகமாக இதற்காகத்தான் இருக்கும். ஆனால் விழுந்த பின்களின் எண்ணிக்கையே மாறி வந்தால் அது இயந்திரக் கோளாறு. கவுண்டரிலிருந்து திருத்த முடியும், தயங்காமல் கேளுங்கள். பந்தை விட்ட பிறகுதான் ஒரு பின் குறைவாக நின்றிருந்தது தெரிந்தால், உடனே சொன்னால் விதிப்படி அந்த வீச்சு செல்லாது, மறுபடி வீசலாம்.

இனி உரிமை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சேவை என்பதன் வரையறைக்குள் கேளிக்கையும் பொழுதுபோக்கும் அடங்கும். குறைபாடான சேவையை நிறுத்திப் பணத்தை ரசீதில் குறித்த காலத்துக்குள்ளும், அப்படிக் குறிக்காதபோது 30 நாளுக்குள்ளும் திருப்பித் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று அச்சட்டம் சொல்கிறது. ரசீது தராமல் இருப்பதும் அப்படியே. ஆகவே சுவரில் ஒட்டிய தாள் சட்டத்தை மீறி நிற்காது. எனினும் ரசீதும், நின்றுபோன திரையை நேரம் தெரியும்படி எடுத்த படமும் இல்லாவிட்டால் உங்கள் பேச்சு வெறும் பேச்சாகவே போகும்.

இழந்தது சில நூறு ரூபாய் என்றால் அங்கேயே நின்று, போன நேரத்துக்கு ஈடாக இன்னோர் ஆட்டம் கேட்டுப் பெறுவதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. "பிறகு வாங்க, பார்த்துக்கலாம்" என்றால் அதை ரசீதின் பின்பக்கம் தேதியோடு எழுதி வாங்குங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். பல நிறுவனங்கள் அந்த அளவிலேயே இறங்கி வந்துவிடும். அதற்கு மேல் சிவகங்கையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். ஆனால் அலைச்சலையும் கணக்கில் சேர்த்தால், வீணான அரை மணி நேரத்துக்காக அங்கே போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஈரக் காலணியாலோ உடைந்த பந்தாலோ யாருக்காவது காயம் பட்டால் கதை வேறு. அப்போது காலணியையும் தரையையும் உடனே படம் எடுத்து, கவுண்டரில் எழுத்தில் தெரிவித்து, மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். "நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகையைக் கண்டு பின்வாங்காமல் ஆணையத்தை அணுகுங்கள்.